வலைப்பந்தாட்டப் போட்டிக்குத் தயாராவதும் எதிரணியை அவதானிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் ஆகிய ஐந்து கல்வி வலயங்களிலும் பாடசாலை வலைப்பந்தாட்ட அணிகள் ஆண்டுதோறும் வலய மட்டத்தில் மோதுகின்றன. அங்கு வெல்பவர்கள் மாகாண மட்டத்துக்கும் பின்னர் தேசிய மட்டத்துக்கும் போகிறார்கள். ஒவ்வொரு படியிலும் எதிரே நிற்கும் அணி மாறுகிறது. அதற்கேற்ப நமது தயாரிப்பும் மாற வேண்டும். இது குறித்துப் பயிற்றுவிப்பாளர்களும் வீராங்கனைகளும் பெற்றோரும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான விடைகள் கீழே தரப்படுகின்றன.

எதிரணியை அவதானிப்பது அவசியமா? நாம் நமது ஆட்டத்தை ஆடினால் போதாதா?

நமது ஆட்டம் என்பது எதிரே நிற்கும் ஏழு பேரோடு சேர்ந்தே உருவாகிறது. நமது கோல் அற்றாக் (கோல் எறியக்கூடிய இருவரில் ஒருவர்) எப்போதும் வலப்பக்கமாக ஓடிப் பந்தை வாங்கிப் பழகியவர் என்று வைத்துக்கொள்வோம். எதிரணியின் கோல் டிபென்ஸ் (அவரைத் தடுப்பவர்) அந்தப் பக்கத்தில் வேகமானவராக இருந்தால், நன்றாகப் பழகிய அந்த ஓட்டத்தாலேயே நாம் பந்தை இழப்போம். இதை ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் கண்டறிவதைவிட, நான்கு நாட்கள் முன்பே அறிந்து இடப்பக்க ஓட்டத்தைப் பயிற்சியில் சேர்ப்பது நல்லது.

அவதானிப்பின் நோக்கம் இந்த வாரம் எதைப் பயில்வது என்று தீர்மானிப்பதே. எதிரணியைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி வைத்திருக்கும் அணியைவிட, இரண்டு செய்திகளை அறிந்து அவற்றுக்கு விடையைக் கால்களில் பழக்கிக்கொண்ட அணியே ஆடுகளத்தில் பயன் காணும். பயிற்சியில் மாற்றம் எதையும் உண்டாக்காத குறிப்பு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடலாம்.

ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

சென்ரர் பாஸைக் கவனியுங்கள். ஆட்டம் தொடங்கும்போதும் ஒவ்வொரு கோலுக்குப் பின்னரும் நடுவட்டத்திலிருந்து சென்ரர் (நடுவே ஆடுபவர்) போடும் பாஸ் அது. பார்வையாளரின் கண் இயல்பாகவே கோல் கம்பத்தை நோக்கிப் போகும். அவதானிப்பவரின் கண் நடுவட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். வலைப்பந்தாட்டத்தில் யார் கோல் அடித்தாலும் சென்ரர் பாஸ் இரு அணிகளுக்கும் மாறி மாறியே கிடைக்கும். எனவே இரு அணிகளும் தத்தமது சென்ரர் பாஸ்களையெல்லாம் கோலாக்கினால் ஆட்டம் முழுவதும் புள்ளிகளில் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வராது. ஓர் அணி பத்துக் கோல்களால் தோற்கிறதென்றால், தன் கைக்கு வந்த பந்துகளைப் பல தடவைகள் எங்கோ இழந்திருக்கிறது, அல்லது மற்ற அணி இழந்தவற்றைக் கைப்பற்றத் தவறியிருக்கிறது என்பதே பொருள்.

ஆகவே மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். அவர்களின் சென்ரர் பாஸை முதலில் பிடிப்பவர் யார்? அவர் எந்தப் பக்கம் ஓடிப் பிடிக்கிறார்? அது கோலாகாமற் போனால், பந்து எந்த இடத்தில், எந்த வகையில் கைமாறியது? மூன்றாவது கேள்விதான் மிகவும் பயன் தருவது. பெரும்பாலான குறிப்புகளில் விடுபட்டுப் போவதும் அதுவே. நீண்ட பாஸ் இடைமறிக்கப்பட்டதா, மூன்று செக்கன்களுக்கு மேல் பந்தை வைத்திருந்தாரா, காலடித் தவறா, தன் எல்லைக்கு வெளியே காலை வைத்தாரா என்று பிரித்து எழுதினால், அவர்கள் எந்த அழுத்தத்தில் தடுமாறுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். மூன்று செக்கன் தவறுகள் பல என்றால் அவர்களுக்கு இரண்டாவது ஓட்டம் இல்லை. முதல் ஆளை மறித்துவிட்டால் பந்து வைத்திருப்பவருக்குக் கொடுக்க இடமில்லாமற் போகிறது என்பதே அதன் செய்தி.

குறிப்புகளைக் கொப்பியில் எப்படி எழுதுவது?

சிறந்த முறை எளிமையானது. ஒரு சி.ஆர். கொப்பியும் இரண்டு நிறப் பேனைகளும் போதும். ஒரு பக்கத்தில் ஆடுகளத்தை நீள்சதுரமாக வரைந்து, குறுக்கே இரண்டு கோடுகளால் மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரு முனைகளிலும் கோல் வட்டங்களை (கம்பத்தைச் சுற்றிய அரைவட்டங்களை) போடுங்கள். எதிர்ப்பக்கத்தில் சென்ரர் பாஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பந்தைப் பிடித்தவரின் மார்பிலுள்ள எழுத்து, அவர் நின்ற பக்கம், பந்து கைமாறிய வரிசை, முடிவு ஆகிய நான்கும் அந்த வரியில் வர வேண்டும். உதாரணமாக (டபிள்யூ.ஏ. என்பது விங் அற்றாக், சி. என்பது சென்ரர், ஜி.ஏ. என்பது கோல் அற்றாக், ஜி.எஸ். என்பது கோல் எறியும் மற்றவரான கோல் சூட்டர்):

டபிள்யூ.ஏ. இடம், சி., ஜி.ஏ., ஜி.எஸ்., கோல்.
டபிள்யூ.ஏ. இடம், ஜி.ஏ., சி., ஜி.எஸ்., கோல்.
ஜி.ஏ. வலம், சி., நீண்ட பாஸ், இழப்பு.
டபிள்யூ.ஏ. இடம், சி., டபிள்யூ.ஏ., ஜி.எஸ்., கோல்.

இந்த நான்கு வரிகளை மேலிருந்து கீழாக வாசித்தாலே ஒரு செய்தி எழுகிறது. விங் அற்றாக் இடப்பக்கத்தில் பந்தைப் பெற்றால் அவர்கள் அமைதியாகக் கோல்வரை போகிறார்கள். அவரால் பெற முடியாதபோது அவசரப்படுகிறார்கள். நான்கு வரிகளைக் கொண்டு முடிவெடுக்கக் கூடாது. ஒரு கால்பகுதி முழுவதும் எழுதிய பின்னரும் அதே கோலம் தெரிந்தால், நமது விங் டிபென்ஸ் (விங் அற்றாக்கைத் தடுப்பவர்) அவருக்கு இடப்பக்கத்தை அடைத்து, வலப்பக்கம் போகச் செய்ய வேண்டும் என்று உறுதியாகச் சொல்லலாம்.

மற்றொரு பக்கத்தில் கோல் வட்டத்தை மட்டும் பெரிதாக வரைந்து, கோல் சூட்டர் எறிந்த இடங்களைப் புள்ளியாலும் கோல் அற்றாக் எறிந்த இடங்களைச் சிலுவைக்குறியாலும் காட்டுங்கள். தவறிய எறிதல்களைச் சிவப்புப் பேனையால் வளைத்து விடுங்கள். அந்த அரைவட்டத்தின் ஆரை 4.9 மீற்றர். பாடசாலை மட்டத்தில் கம்பத்துக்கு ஓரிரு மீற்றர் தூரத்தில் தவறாமல் அடிக்கும் பலர், வட்டத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டதும் தடுமாறுகிறார்கள். யார் எத்தனை அடி தள்ளப்பட்டதும் தவறுகிறார் என்பதை இந்தப் படம் காட்டிவிடும்.

ஒருவர் எழுத, மற்றொருவர் பார்த்துச் சொல்வது நல்லது. தனியாகச் செய்பவர் எழுதக் குனியும் நேரத்தில் அடுத்த பாஸைத் தவறவிடுவார்.

எதிரணியில் மிக உயரமான கோல் சூட்டர் இருக்கிறார். என்ன செய்வது?

இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்தில் கேட்கப்படும்போது அதற்குத் தனி எடை உண்டு. புன்னாலைக்கட்டுவன் ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 2.08 மீற்றர் உயரத்துடன் உலகின் மிக உயரமான வலைப்பந்தாட்ட வீராங்கனைகளில் ஒருவராக இலங்கைக்கு ஆடியவர். 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் அவர் இருந்தார். 2019இல் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தில் அதிக கோல்களை அடித்தவரும் அவரே. அதே உலகக் கிண்ணத்தில் 16 அணிகளுள் இலங்கைக்குக் கிடைத்தது 15ஆவது இடம். சூட்டருக்குப் பந்து சேர்ந்தால் கோல் நிச்சயம் என்ற நிலையிலும், பந்து அவரைச் சேரும் பாதையும் மறுமுனையில் நமது தடுப்பும் ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இதைச் சொல்வது தர்ஜினியின் பெருமையைக் குறைப்பதாகாது. அவரைத் தடுக்க உலகின் பலமான அணிகள் தனித் திட்டம் வகுத்தன என்பதே அவருடைய தரத்தைச் சொல்லும்.

விதிப்படி, பந்து வைத்திருப்பவரைத் தடுப்பவர், அவரின் ஊன்றிய காலிலிருந்து 0.9 மீற்றருக்கு அப்பால் நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் நின்று கைகளை உயர்த்தலாம், முன்னே சாயலாம். கம்பமோ 3.05 மீற்றர் உயரம். நம்மைவிட ஒரு தலை உயர்ந்த சூட்டர் வட்டத்துக்குள் பந்தைப் பிடித்துவிட்டால், அந்த எறிதலைத் தடுப்பது பெரும்பாலும் வீண் முயற்சி. ஆகவே உழைப்பை வட்டத்துக்கு வெளியே செலவிட வேண்டும். அவருக்குப் பந்தை ஊட்டுபவர் யார் என்று கொப்பியில் பாருங்கள். அநேகமாக விங் அற்றாக்கும் சென்ரருமே வட்டத்தின் விளிம்பில் நின்று மேலால் உயர்த்திப் போடுவார்கள். நமது சென்ரரும் விங் டிபென்ஸும் அவர்களுக்கு முன்பே விளிம்பில் இடம்பிடித்து, அவர்களை இரண்டு மூன்று அடி பின்னே நின்று பந்து போடச் செய்தால், அதே உயரமான பாஸ் நீளமாகிறது. நீளமான பாஸ் காற்றில் அதிக நேரம் இருக்கிறது. அந்த நேரம் நமது கோல் கீப்பருக்கு (கோல் சூட்டரைத் தடுப்பவருக்கு) போதும்.

வட்டத்துக்குள் இருவரும் சேர்ந்து அவரை மறிக்கலாம்: கோல் கீப்பர் முன்னேயும் கோல் டிபென்ஸ் பின்னேயும் நிற்க, மேலால் வரும் பந்துக்குப் பின்னிருப்பவர் பாய்வார். இதற்கு ஒரு விலை உண்டு. அவர்களின் கோல் அற்றாக்கைக் காவலின்றி விடுகிறோம். எனவே அந்தக் கோல் அற்றாக் தானே எறிவாரா, எறிந்தால் எங்கிருந்து, எத்தனை விழுத்துவார் என்பதை முன்பே அறிந்திருந்தால் மட்டுமே இந்த ஏற்பாட்டைச் செய்யலாம். வட்டப் படத்தில் சிலுவைக்குறிகள் அரிதாகவும், இருப்பவற்றில் பல சிவப்பில் வளைக்கப்பட்டும் இருந்தால் துணியலாம். அப்படியில்லாவிட்டால் அது உயரமான சூட்டருக்குப் பதிலாக மற்றவரின் கையில் ஆட்டத்தைக் கொடுப்பதாகும்.

உயரமில்லாத, ஆனால் ஓயாமல் ஓடும் சூட்டர்களை எப்படித் தடுப்பது?

ஆளைத் துரத்துவதைவிட இடத்தைக் காப்பது பலன் தரும். இரண்டு சூட்டர்களும் இடம் மாறும்போது நமது தடுப்பாளர் இருவரும் குறுக்கே மோதிக்கொள்வதே கோலுக்கு வழிவிடுகிறது. யார் யாரை விடுவது, யார் ஏற்பது என்பதை ஒரு சொல்லால் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். பேசாத தடுப்பாளர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் இத்தகைய அணியிடம் தோற்பார்கள்.

வலயச் சுற்றுப்போட்டி ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. அவதானிக்க நேரம் ஏது?

ஒரே நாளில் பல ஆட்டங்கள் நடப்பது அவதானிப்புக்கு வசதியே. அடுத்து நாம் சந்திக்கப்போகும் இரண்டு அணிகளும் நமது கண்முன்னே ஆடுகின்றன. அந்த நேரத்தில் பிள்ளைகள் வேப்பமர நிழலில் கூடியிருந்து கதைத்துக்கொண்டிருப்பது இயல்பு. ஓய்வும் அவர்களுக்கு வேண்டும். ஆட்டத்தில் குறைவாக இறங்கிய மேலதிக வீராங்கனைகள் இருவரிடம் கொப்பியைக் கொடுத்து அனுப்புங்கள். அவர்கள் தம்மை அணியின் முக்கியமான பகுதியாக உணர்வதற்கும் இது உதவுகிறது. பின்னாளில் ஆட்டத்தை நன்றாக வாசிக்கத் தெரிந்த சென்ரர்கள் பலர் இப்படி வெளியே இருந்து எழுதியவர்களே என்பது எனது உறுதியான நம்பிக்கை.

குறுகிய ஆட்டங்களில் முழுக் குறிப்பும் எழுத முடியாது. சென்ரர் பாஸை முதலில் பெறுபவர், அதிக கோல் அடிப்பவர், அதிக தண்டனை வாங்கும் தடுப்பாளர் ஆகிய மூவரை மட்டும் கண்டுபிடித்தால் போதும். மூன்றாமவர் ஏன் முக்கியம் என்றால், தொடுகைத் தவறோ (எதிராளியின் உடலில் முட்டுதல்) தடைத் தவறோ (0.9 மீற்றருக்குள் நின்று தடுத்தல்) செய்தவர் தண்டனைப் பாஸ் எறியப்படும்வரை எறிபவருக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆட்டத்தில் பங்குபற்ற முடியாது. அடிக்கடி தவறு செய்யும் கோல் கீப்பர், ஒவ்வொரு தடவையும் தன் அணியை ஆறு பேராக்குகிறார். அவர் பக்கமாகவே பந்தைக் கொண்டுபோங்கள்.

மற்றப் பாடசாலையின் பயிற்சியைப் போய்ப் பார்ப்பதும் காணொளி எடுப்பதும் சரியா?

பகிரங்கமாக நடக்கும் போட்டியைப் பார்ப்பதும் குறிப்பெடுப்பதும் எவருக்கும் உள்ள உரிமை. பாடசாலை வளவுக்குள் நடக்கும் பயிற்சி வேறு. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதும், அங்கு படிக்கும் மச்சாளிடமோ ரியூசன் சிநேகிதியிடமோ விசாரிப்பதும் அந்தப் பிள்ளைகளைச் சங்கடத்தில் தள்ளும் செயல்கள். அவற்றால் கிடைக்கும் செய்தியும் நம்பத்தக்கதன்று.

காணொளி விடயத்தில் இன்னும் கவனம் தேவை. ஆடுபவர்கள் பராயமடையாத பெண் பிள்ளைகள். பதிவு செய்வதாயின் போட்டி ஏற்பாட்டாளரிடமும் மற்ற அணியின் பொறுப்பாசிரியரிடமும் முன்பே சொல்லி இணக்கம் பெறுங்கள். ஆடுகளம் முழுவதும் தெரியும்படி தூரத்திலிருந்து எடுங்கள். பயிற்றுவிப்பாளரைத் தவிர வேறெவரின் கைத்தொலைபேசியிலும் அது இருக்க வேண்டாம். வட்ஸ்அப் குழுக்களிலோ முகநூலிலோ மற்றப் பாடசாலைப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. இணக்கம் கிடைக்காவிட்டால் கொப்பியே போதும்.

கண்டறிந்தவற்றை அணிக்கு எப்போது, எவ்வளவு சொல்வது?

போட்டிக்கு மூன்று நான்கு நாட்கள் முன்பாகவே, பயிற்சியின் வழியாகச் சொல்லுங்கள். மேலதிக வீராங்கனைகளை எதிரணிபோல நிறுத்தி, அவர்களின் சென்ரர் பாஸ் ஓட்டத்தை அப்படியே ஓடச் செய்து, நமது ஏழு பேரும் அதை மறிக்கப் பழக வேண்டும். இப்படிக் கால்களால் கற்றதைப் பிள்ளைகள் ஆட்டத்தின் பதற்றத்திலும் மறப்பதில்லை. போட்டியன்று காலையில் பேருந்தில் வைத்துப் புதிதாக எதையும் சொல்லாதீர்கள்.

அணி முழுவதற்கும் இரண்டு செய்திகள். அதற்கு மேல், ஒவ்வொருவருக்கும் அவரோடு மோதப்போகும் ஆளைப் பற்றி ஒரு செய்தி. அதுவும் செயலாக இருக்க வேண்டும். "அவ நல்லா விளையாடுவா, கவனம்" என்று கோல் டிபென்ஸிடம் சொன்னால் பயம் மட்டுமே மிஞ்சும். "அவ பந்தை வாங்கினதும் எப்பவும் வலப்பக்கம் திரும்பித்தான் போடுவா, நீ அந்தப் பக்கக் கையை உயர்த்து" என்று சொன்னால் பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. வேலை கிடைத்த பிள்ளைக்குப் பயப்பட நேரம் குறைவு.

எதிரணியின் பெயரைச் சொன்னதும் முகம் மாறும் அணிகளை நாம் பார்த்திருக்கிறோம். பழைய தோல்விகளையும், பெரிய பாடசாலை என்ற பேச்சையும், ஊரில் பரவும் "அவை இந்த முறை பயங்கரப் பலமாம்" என்ற கதைகளையும் பயிற்சிக்குள் கொண்டுவராமல் இருப்பது பொறுப்பாசிரியரின் கடமை. கண்ணால் கண்டு எழுதியதை மட்டும் பேசுங்கள்.

வார நாட்களில் ரியூசன் இருப்பதால் ஏழு பேரும் ஒன்றாகச் சேர்வதே கடினம். எப்படித் திட்டமிடுவது?

இது நமது ஊரின் மெய்யான தடை. க.பொ.த. சாதாரண தர வகுப்புப் பிள்ளை பாடசாலை முடிந்ததும் நேரே ரியூசனுக்கு ஓட வேண்டியிருக்கும்போது, அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. பெற்றோரை அழைத்து, போட்டி வாரத்தில் எந்த இரண்டு நாட்கள் அனைவரும் வரலாம் என்று முன்பே இணங்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாட்களும் ஏழு பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கு மட்டும்: சென்ரர் பாஸ் ஓட்டங்கள், வட்டத்தின் விளிம்பில் இடம்பிடித்தல், எதிரணியை மறித்தல். எறிதல் பயிற்சியைச் சூட்டர்கள் இருவரும் காலையில் பாடசாலை தொடங்கமுன் செய்யலாம். பந்து பிடித்தலும் காலடியும் இருவர் மூவராகவே பழகத்தக்கவை. போட்டிக்கு முதல் நாள் உடலை வருத்தாமல், சிறிது ஓடி, எறிந்து, நேரத்துடன் வீட்டுக்கு அனுப்புங்கள்.

ஆடுகளத்தையும் காற்றையும் முன்பே பார்க்க வேண்டுமா?

கட்டாயம். நமது பாடசாலைகளின் ஆடுகளங்களிற் பல திறந்தவெளியில் உள்ளவை. வலிகாமத்தின் செம்மண் தரை காய்ந்திருந்தால் மேலே தூசி படிந்து கால் வழுக்கும். கடற்கரையை அண்டிய இடங்களில் மணல் பந்தின் துள்ளலைக் குறைக்கும். சீமெந்துத் தரையில் திடீரென நிற்கும்போது முழங்காலுக்கு அதிர்ச்சி அதிகம். சோளகம் வீசும் மாதங்களில் பிற்பகல் ஆட்டமென்றால், உயரமாகப் போடும் பாஸ் திசை மாறும். அப்போது நெஞ்சளவில் வேகமாகப் போடும் பாஸே நம்பத்தக்கது. நேரத்துடன் போய், சூட்டர்கள் இருவரும் இரண்டு கம்பங்களிலும் எறிந்து பார்க்கட்டும். எந்தக் கம்பத்துக்கு எறியும்போது வெயில் கண்ணில் படுகிறது, எந்தப் பக்கத்திலிருந்து காற்றுத் தள்ளுகிறது என்று அறிந்தால், ஒவ்வொரு கால்பகுதியிலும் பக்கம் மாறும்போது அவர்கள் தடுமாற மாட்டார்கள்.

நடுவர்களையும் அவதானிப்பது மரியாதைக் குறைவா?

இல்லை. இரண்டு நடுவர்களும் ஆடுகளத்தின் ஆளுக்கொரு பாதியைப் பார்க்கிறார்கள். அணிகள் பக்கம் மாறினாலும் அவர்கள் மாறுவதில்லை. ஆகவே நமது கோல் கீப்பர் முதற் கால்பகுதியில் ஒருவரின் பார்வையிலும் அடுத்ததில் மற்றவரின் பார்வையிலும் ஆடுகிறார். ஒருவர் சிறு தொடுகைக்கும் விசில் ஊதுவார். மற்றவர் ஆட்டத்தை ஓடவிடுவார். முந்தைய ஆட்டத்திலேயே இதைக் கவனித்து, எந்தப் பக்கத்தில் எவ்வளவு நெருங்கலாம் என்று தடுப்பாளர்களிடம் சொல்லுங்கள். தீர்ப்பை எதிர்த்து முகம் சுளிப்பதையும் கையை விரிப்பதையும் பயிற்சியிலேயே தடுத்துவிட வேண்டும்.

போட்டியன்று என்ன சாப்பிடுவது?

ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலங்கள் முன்பு, வழமையாக உண்பதையே உண்ணுங்கள்: இடியப்பமும் சொதியும் அல்லது புட்டும் வாழைப்பழமும். எண்ணெயில் பொரித்த றோல்ஸும் வடையும் ஆட்டம் முடியும்வரை காத்திருக்கட்டும். பதற்றத்தில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள் பலர். அவர்களைக் கண்டறிந்து ஒரு வாழைப்பழமாவது கொடுங்கள். வெயிலில் அடுத்தடுத்து ஆட்டங்கள் இருந்தால் உப்பும் சீனியும் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீரை இடையிடையே சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

மாதவிடாய் நாட்களில் ஆடலாமா?

ஆடலாம். உடல் இடம்கொடுக்கிறதா என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். கடும் வலியோ தலைச்சுற்றோ இருந்தால் ஆட வற்புறுத்தக் கூடாது. ஆடுகளத்துக்கு அண்மையில் சுத்தமான மலசலகூடம் உண்டா என்று முன்பே விசாரிப்பதும், முதலுதவிப் பெட்டியில் தேவையானவற்றை வைத்திருப்பதும் பொறுப்பாசிரியரின் வேலை. இதைக் கேட்கக் கூச்சப்பட்டு நல்ல வீராங்கனைகள் அணியை விட்டு விலகும் நிலை இனியும் வேண்டாம்.

தேசிய மட்டத்தில் முன்பின் பார்த்திராத அணியோடு மோதும்போது என்ன செய்வது?

முதற் கால்பகுதியே உங்கள் அவதானிப்பு. ஆட்டத்துக்கு முன் அவர்கள் உடலைச் சூடாக்கும்போதே சூட்டர்கள் எங்கிருந்து எறிகிறார்கள், யார் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்று பார்க்கலாம். ஆட்டம் தொடங்கியதும் வெளியே இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு வேலை கொடுங்கள்: ஒருவர் அவர்களின் சென்ரர் பாஸை எழுதட்டும், மற்றொருவர் வட்டப் படத்தைக் குறிக்கட்டும். இடைவேளையில் பயிற்றுவிப்பாளர் அந்த இரண்டு பக்கங்களையும் பார்த்து, ஒரேயொரு மாற்றத்தைச் சொல்லட்டும். அந்தச் சில நிமிடங்களில் ஐந்து பேர் ஐந்து ஆலோசனைகள் கூறினால், பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவும் மறந்து குழம்பிய மனதோடு திரும்புவார்கள்.

முதற் கால்பகுதியில் நமது ஆட்டம் எளிமையாக இருக்கட்டும். குறுகிய பாஸ்கள், நிச்சயமான எறிதல்கள், பந்தை இழக்காமை. புள்ளிகளில் இரண்டு மூன்று பின்தங்கினாலும் அவர்களைப் படித்துவிட்டால் மீட்க மூன்று கால்பகுதிகள் உள்ளன.

எதிரணியும் நம்மை அவதானிக்குமே?

நிச்சயமாக. எனவே அதே கொப்பி முறையில் முதலில் நமது அணியைப் பற்றி எழுதுங்கள். நமது சென்ரர் பாஸ் ஒரே ஆளுக்கு, ஒரே பக்கத்தில் போகிறதென்றால், அதை மற்றவர்களும் எழுதியிருப்பார்கள். குறைந்தது இரண்டு ஓட்டங்களை நன்கு பழகி, சென்ரரின் ஒரு சைகையால் மாற்றக்கூடியதாக வைத்திருங்கள். எளிதான ஆட்டங்களில் இரண்டையும் காட்டிவிட வேண்டாம். ஆனால் பழகாத மூன்றாவது ஓட்டத்தை இறுதிப் போட்டிக்கென்று ஒளித்து வைப்பதில் பயனில்லை. அழுத்தத்தில் பிள்ளைகள் செய்வது பழகியதை மட்டுமே.

திட்டம் ஆட்டத்தின் நடுவே பொய்த்துப் போனால்?

எதிரணிக்குச் சூட்டர் மாறியிருக்கலாம், நாம் பார்த்த அன்று அவர்களின் நல்ல தடுப்பாளர் சுகயீனமாய் இருந்திருக்கலாம். இத்தகைய நேரத்தில் ஆடுகளத்துக்குள் முடிவெடுக்கும் உரிமை அணித்தலைவிக்கு இருக்க வேண்டும். எதைக் கைவிட்டு எதற்குத் திரும்புவது என்பதை அவரோடு முன்பே பேசி வையுங்கள். அவதானிப்பைப் பிடிவாதமாகப் பின்பற்றி, கண்முன்னே நடப்பதைப் பார்க்க மறுப்பது அவதானிக்காமல் வருவதைவிடக் கேடு.

பெற்றோர் எவ்வாறு உதவலாம்?

நேரத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள், தண்ணீரும் நிழலும் ஏற்பாடு செய்யுங்கள், இரு அணிகளின் நல்ல ஆட்டத்துக்கும் கைதட்டுங்கள். கரையில் நின்று "எறி, எறி" என்று கூவுவதைத் தவிர்த்தால், பிள்ளைக்குத் தன் சென்ரரின் குரல் கேட்கும்.

போட்டி முடிந்த பின்னர் அந்தக் குறிப்புகளை என்ன செய்வது?

அன்றோ மறுநாளோ கொப்பியைத் திறந்து, நாம் எதிர்பார்த்ததில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பக்கத்தின் கீழே இரண்டு வரிகள் எழுதுங்கள். திகதி, வயதுப் பிரிவு, ஆடுகளம், பெற்ற புள்ளிகள் ஆகியவற்றையும் சேருங்கள். இன்று 16 வயதுக்குட்பட்ட பிரிவில் ஆடும் அவர்களின் விங் அற்றாக், அடுத்த பருவங்களில் 18 வயதுக்குட்பட்ட பிரிவில் நமக்கு எதிரே நிற்பார். அப்போது நமது பொறுப்பாசிரியர் இடமாற்றம் பெற்றுப் போயிருக்கவும் கூடும். ஆகவே கொப்பியை ஒருவரின் வீட்டில் வைக்காமல் பாடசாலையின் விளையாட்டு அறையில் வையுங்கள். மற்ற அணியின் பிள்ளைகளைப் பெயரால் குறிக்காமல் ஆடும் நிலையின் எழுத்தால் மட்டும் குறித்து, புதிய அணித்தலைவி பொறுப்பேற்கும் நாளில் அதை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.